காற்றாலை டெக்னீசியன் இன்டர்வியூ: ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் என்ன கேப்பாங்க?

#1 | கோணம்_பையன்

ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், அப்ரண்டிஸும் முடிஞ்சுது. கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிக் கணவாயில இருக்கிற காற்றாலை சைட்டுக்கு மெயின்டனன்ஸ் டெக்னீசியன் வேலைக்கு அடுத்த வாரம் கூப்பிட்டிருக்காங்க. முதல்ல எழுத்துத் தேர்வு, பிறகு டெக்னிக்கல், கடைசியா மெடிக்கலும் டவர் ஏறிக் காட்டுறதும். பெட்ஸ் லிமிட், டிப் ஸ்பீடு ரேஷியோ (பிளேடு நுனி வேகத்துக்கும் காற்று வேகத்துக்கும் உள்ள விகிதம்), பிளேடு ஏரோடைனமிக்ஸ் எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கேன். இது போதுமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

#2 | பேனல்போர்டு

பெட்ஸ் லிமிட், அதாவது காற்றோட சக்தியில அதிகபட்சம் எடுக்க முடியுறது, 59.3 சதவீதம்னு ஒரு வரியில சொல்லத் தெரிஞ்சா போதும் தம்பி. கூடவே காற்று வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு, கட்-இன் (மெஷின் உற்பத்தி தொடங்குற காற்று வேகம்) வினாடிக்கு 3 மீட்டர் சுமார், கட்-அவுட் (நிறுத்திடுற வேகம்) பெரும்பாலான மெஷினுக்கு 25. ஏரோடைனமிக்ஸ் புத்தகத்தை மூடி வை.

டெக்னீசியன் இன்டர்வியூ பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டுறதுல தொடங்கும்: "ஸ்டார் டெல்டா வரை." மோட்டாரை ஸ்டார்ல கிளப்பி டெல்டாவுக்கு மாத்துற ஸ்டார்ட்டர். பவர் சர்க்யூட் எல்லாரும் வரைஞ்சிடுவாங்க. மாட்டிக்கிறது கன்ட்ரோல் சர்க்யூட்டில். ஸ்டாப் பட்டனுக்கு முன்னால ஓவர்லோடு ரிலேயோட 95-96 (சாதாரணமா மூடி இருக்கிற கான்டாக்ட்) வரணும். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையா மெயின் கான்டாக்டரோட 13-14 (இழுத்தா மூடுற கான்டாக்ட்) ஹோல்டிங். ஸ்டார் காயில் லைன்ல டெல்டாவோட 21-22 (இழுத்தா திறக்குற கான்டாக்ட்), டெல்டா காயில் லைன்ல ஸ்டாரோட 21-22. இந்த இன்டர்லாக்கை விட்டுட்டு வரைஞ்சா உடனே கேள்வி வரும்: "ரெண்டும் ஒண்ணா இழுத்தா என்ன ஆகும்?" மூணு பேஸும் நேரா ஷார்ட். அதைச் சொல்லத் தெரிஞ்சாலும் முதல்லயே வரைஞ்சவனுக்குத்தான் மார்க்கு.

அதுக்குப் பிறகு "ஸ்டார்ல ஏன் ஸ்டார்ட் பண்ணுறோம்?" லைன் கரண்ட் மூணில் ஒரு பங்காகும். இதோட நிறுத்திடாதே, டார்க்கும் (சுழற்றுற விசை) மூணில் ஒரு பங்காகும். லோடோட கிளம்பாம முனகுற மோட்டாருக்குக் காரணம் அந்த ரெண்டாவது பாதிதான். ஓவர்லோடு ரிலே டெல்டா வளையத்துக்குள்ள, அதாவது பேஸ் கரண்ட் போற இடத்துல இருந்தா செட்டிங் புல் லோடு கரண்டில் 0.58 பங்கு. முழுக் கரண்டை வச்சா மோட்டார் எரியும், ரிலே பாத்துக்கிட்டு இருக்கும்.

காற்றாலைக்கே உரிய ஒரு கேள்வி கட்டாயம் வரும். 4 போல் (காந்தத் துருவம்), 50 ஹெர்ட்ஸ், சிங்க்ரனஸ் வேகம் என்ன? 120 × 50 ÷ 4, அதாவது 1500. அதே இன்டக்‌ஷன் மெஷின் மோட்டாரா ஓடினா 1500-க்குக் கீழே, ஜெனரேட்டரா ஓடினா 1500-க்கு மேலே. ஜெனரேட்டர்ல ஸ்லிப் (சிங்க்ரனஸ் வேகத்துக்கும் ரோட்டார் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ். இதை யோசிக்காம சொல்லணும்.

#3 | சேஃப்டி_சட்டை

பேனல்போர்டு சொன்னதில் தப்பு ஏதுமில்லை. ஆனால் ஆளைக் கழிப்பது அந்தக் கேள்விகளில் அல்ல. சர்க்யூட் தெரியாதவனுக்கு ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கையை எங்கே வைக்கக்கூடாது என்று தெரியாதவனை வேலைக்கு எடுத்தால் அந்த ஆறு மாதமே தாண்டாது. டெக்னிக்கல் ரவுண்டில் உட்கார்ந்திருப்பவர் மனதுக்குள் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

வழக்கமான பொறி இப்படி: "மெஷின் டிரிப் ஆகி நிற்கிறது. நீ தனியாகப் போகிறாய். முதல் வேலை என்ன?" பத்தில் ஏழெட்டுப் பேர் "ரீசெட் பண்ணிப் பார்ப்பேன்" என்பார்கள். அந்த இடத்திலேயே கதை முடிந்தது. ஓவர்ஸ்பீடு, வைப்ரேஷன், புகை, எமர்ஜென்சி ஸ்டாப் மாதிரி அலாரங்கள் என்ன காரணம் என்று நேரில் பார்த்த பிறகே ரீசெட் செய்ய வேண்டியவை. தனியாக மேலே ஏறுவதும் கூடாது. அதையும் கேள்வியிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள், கவனி.

பதில் இந்த வரிசையில் வரட்டும். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு அலாரம் பட்டியலில் முதலில் வந்தது எது என்று பார்ப்பேன் (கடைசியாக வந்ததை அல்ல, மற்றவை அதன் பிள்ளைகள்). மெஷினை சர்வீஸ் மோடுக்கு மாற்றுவேன், அப்போதுதான் தூரத்திலிருந்து யாரும் ஸ்டார்ட் கொடுக்க முடியாது. பிரேக்கரைத் திறந்து, என் பூட்டைப் போட்டு, டேக் மாட்டி, சாவியை என் பாக்கெட்டில் வைப்பேன். டெஸ்டரை ஏற்கெனவே லைவ் என்று தெரிந்த இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் மூன்று பேஸுக்கும் இடையிலும் எர்த்துக்கும் சோதித்து, திரும்பவும் தெரிந்த லைவில் சோதிப்பேன். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் "வோல்டேஜ் இல்லை" என்று நம்பிக் கை வைத்துவிடுவோம், அதற்குத்தான் மூன்றாவது தடவை. கன்வர்ட்டர் (கரண்டின் அலைவெண்ணை மாற்றும் எலக்ட்ரானிக் பேனல்) உள்ள மெஷின் என்றால் கதவில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்குக்குக் காத்திருந்து, டிசி லிங்க் கெபாசிட்டரில் தேங்கிய வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே திறப்பேன்.

இதை மனப்பாடமாக ஒப்பிக்காதே. கண்ணை மூடி ஒரு பேனல் முன்னால் நிற்பதாக நினைத்து, கையால் காட்டிச் சொல்லிப் பழகு. ஒப்பிப்பவனை இடையில் நிறுத்தி "பூட்டு யாரோடது?" என்று கேட்டால் திணறுவான்.

#4 | கோணம்_பையன்

இது எதுவும் நோட்ஸ்ல இல்லண்ணே. இன்னொண்ணு, உயரத்துல ஏறி வேலை பாத்த அனுபவம் இல்ல. அப்ரண்டிஸ் முழுக்க ஒர்க்‌ஷாப்தான். "ஏறியிருக்கேன்"னு சொல்லிடவா?

#5 | தோவாளைக்காரன்

சொல்லாத மக்களே. சொன்னா அடுத்த நிமிசம் ஹார்னஸை (உடம்புல மாட்டுத பாதுகாப்புப் பட்டை) மேசையில தூக்கிப் போட்டு "மாட்டிக் காட்டு"ம்பான். கால் பட்டையில கையை விட்டுத் துழாவிட்டு நிக்கும்போ எல்லாம் வெளியில வந்திரும். "ஏறினது இல்ல சார், டிரெய்னிங் குடுத்தா ஏறுவேன், உயரத்துல தலைசுத்தல் எனக்குக் கெடையாது"ன்னு மூணு விசயத்தையும் ஒரே மூச்சுல சொல்லு. புதுசா வாறவனுக்கு உயரப் பயிற்சி குடுத்துட்டுத்தான் மேல விடணும், அது அவங்களுக்கே தெரியும்.

ஆனா ஹார்னஸ் மாட்டப் படிச்சுட்டுப் போ. முதுகுப்பக்க டி-ரிங்கைப் பிடிச்சுத் தூக்கினா பட்டை எல்லாம் தானா பிரிஞ்சு தொங்கும். சட்டை போடுத மாதிரி தோள்ல போட்டு, கால் பட்டை, நெஞ்சுப் பட்டை. கால் பட்டைக்கும் தொடைக்கும் நடுவுல விரிச்ச கை நுழையணும், மடக்கின முஷ்டி நுழையப்பிடாது. பின்னால டி-ரிங் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல நிக்கணும். மாட்டுததுக்கு முன்ன பாக்க வேண்டியது: தையல் பிரிஞ்சிருக்கா, பட்டையில வெட்டு, கருகல், பெயிண்ட் கறை உண்டா, பக்கிள் பிடிக்குதா, லேபிள்ல தேதி படிக்க முடியுதா. லேன்யார்டுல (ஹார்னஸை டவரோட இணைக்குத கயிறு) ஷாக் அப்சார்பர் பை கிழிஞ்சு உள்ள இருக்க பட்டை வெளிய வந்திருந்தா அது ஏற்கெனவே ஒருத்தனைப் பிடிச்சது. அது குப்பைக்கு. தச்சு வாங்கப்பிடாது.

ஏணிக் கம்பியில ஓடுத ஃபால்-அரெஸ்டர்ல (விழுந்தா பூட்டிப் பிடிக்குத கருவி) அம்புக்குறி உண்டு. அது மேல பாக்கணும். தலைகீழா மாட்டினா நீ விழும்போ அதுவும் கூடவே வரும், பூட்டாது. மாட்டின உடனே ரெண்டு படி ஏறி, கீழ உக்காருத மாதிரி சாஞ்சு பூட்டுதான்னு பாரு. இத நீயாச் செஞ்சு காட்டினா போதும், பாக்குதவனுக்கு மனசுல உக்காந்திரும்.

ஏறுததைப் பத்தி: 80 மீட்டர் டவர்னா 25 மாடிக்கு மேல வரும். கையால இழுத்து ஏறுதவன் பாதியில நடுங்கிருவான். பாரம் கால்ல நிக்கணும், கை வெறும் பிடிமானத்துக்கு, முகத்துக்கு நேரா வச்சுக்கணும். தலைக்கு மேல எட்டிப் பிடிக்கப்பிடாது. இன்னிக்கே தொடங்கி தினமும் மாடிப்படி ஏறு, முந்துன நாள் மட்டும் ஓய்வு. காலையில ரெண்டு இட்லி போதும், புரோட்டா சால்னா வேண்டாம். தண்ணி வேணும். பாதியில மூச்சு வாங்கினா பிளாட்பார்ம்ல நின்னு, "ரெண்டு நிமிசம்"னு சொல்லிக் கேளு. நேரம் யாரும் பாக்க மாட்டான், வெப்ராளப்படாம ஏறுதானான்னுதான் பாப்பான்.

#6 | நட்டுபோல்டு

எலக்ட்ரீசியன் என்றாலும் மெக்கானிக்கல் கேள்வி வரும். இந்த வேலையில் பாதி நாள் கையில் இருப்பது ஸ்பானர்தான்.

போல்ட் தலையில் 10.9 என்றால் என்ன? முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை, சுமார் 1000 மெகாபாஸ்கல். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது, இங்கே 90 சதவீதம். 8.8 இருந்த இடத்தில் 10.9 போடலாமா என்று இழுப்பார்கள். மேனுவலில் சொன்னதைத்தான் போடணும், டார்க் அளவு போல்ட்டுக்கு எழுதியது.

டார்க் ரெஞ்சில் மூன்று பிழை: கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்துவது, 'கிளிக்' கேட்ட பிறகும் இன்னொரு இழுப்பு இழுப்பது, வேலை முடிந்ததும் செட்டிங்கைக் குறைந்த அளவுக்கு இறக்காமல் பெட்டியில் வைப்பது. ஸ்பிரிங் தளர்ந்து அடுத்த தடவை பொய் சொல்லும். மேனுவல் மரையில் பேஸ்ட் தடவச் சொன்னால் தடவணும், சொல்லாத இடத்தில் எண்ணெய் தடவக்கூடாது. அதே டார்க்குக்கு எண்ணெய் போட்ட போல்ட் கூடுதலாக இழுபடும்.

பிரேக் பற்றிய கேள்வி: ஓடுகிற மெஷினை எது நிறுத்துகிறது? "டிஸ்க் பிரேக்" என்றால் தப்பு. பிட்ச் மெஷினில் (பிளேடைத் தன் அச்சில் திருப்பும் வகை) பிளேடு திரும்பிக் காற்றை விடுவதுதான் முதல் பிரேக். ஹை-ஸ்பீடு ஷாப்டில் உள்ள டிஸ்க், நின்ற பிறகு பிடித்து வைக்க, அவசரத்துக்கு உதவ. முழு வேகத்தில் அதை மட்டும் நம்பினால் பேட் தீய்ந்து தீப்பொறி பறக்கும். ஹப்புக்குள் (பிளேடுகள் சேரும் மையக் கூடு) போவதற்கு முன் பிரேக் போதாது, ரோட்டார் லாக் பின் விழுந்திருக்கணும். இதைக் கேட்காமலேயே சொல்லு.

ஹைட்ராலிக் அக்யுமுலேட்டரில் (எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் உருளை) என்ன வாயு? நைட்ரஜன். ஏன் ஆக்சிஜன் கூடாது? எண்ணெயும் அழுத்தமுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அது எதற்கு இருக்கிறது? கரண்ட் போனாலும் பிளேடைத் திருப்ப அழுத்தம் கையிருப்பில் இருக்கணும். எலக்ட்ரிக் பிட்ச் என்றால் அதே வேலையை ஹப்பில் உள்ள பேட்டரியோ கெபாசிட்டரோ செய்யும்.

#7 | சந்தேகசாமி

எல்லாரும் பழைய மெஷினை மனசில வச்சுப் பேசுறீங்க. 225, 250 கிலோவாட் காலம் இல்ல இது. ரீபவரிங் கொள்கை 2024-ல் வந்தாச்சு, சின்ன மெஷின்களைக் கழற்றிட்டு 2, 3 மெகாவாட் வைக்கிற பேச்சு ஓடுது. டிஎஃப்ஐஜி (டபுளி ஃபெட் இன்டக்‌ஷன் ஜெனரேட்டர்), கன்வர்ட்டர், எல்விஆர்டி (லோ வோல்டேஜ் ரைட் த்ரூ) தெரியாதவனை எவன் எடுப்பான்? பையன் தியரி படிக்கிறதைத் தடுக்காதீங்க.

#8 | பேனல்போர்டு

தடுக்கல சாமி, அளவு சொல்றேன். டெக்னீசியனுக்கு டிஎஃப்ஐஜி இவ்வளவுதான்: ஸ்டேட்டர் நேரா கிரிட்டில், ரோட்டார் மட்டும் கன்வர்ட்டர் வழியா. அதனால கன்வர்ட்டர் மெஷின் திறனில் சுமார் 30 சதவீதம் தாங்கினா போதும். ரோட்டாருக்குக் கரண்ட் ஸ்லிப் ரிங், கார்பன் பிரஷ் வழியா போகுது. ஆக டெக்னீசியனுக்கான கேள்வி "பிரஷ் எப்ப மாத்துவே, கார்பன் தூசி சேர்ந்தா என்ன ஆகும்?" தூசி கரண்ட் கடத்தும், இன்சுலேஷன் விழும், எர்த் பால்ட் வரும். எல்விஆர்டி ஒரு வரி: கிரிட்டில் வோல்டேஜ் நொடிப்பொழுது விழுந்தா மெஷின் கழன்று ஓடாம தாக்குப்பிடிக்கணும். பழைய மெஷின்னா தைரிஸ்டர் சாஃப்ட் ஸ்டார்ட், கெபாசிட்டர் பேங்க். ரெண்டு வகையும் இன்னும் இந்தக் கணவாயில நிக்குது, போற சைட்டில் எது இருக்குன்னு முன்னாலயே விசாரிச்சுக்கிட்டா பாதிச் சுமை குறையும்.

தியரியை விட அதிகம் வர்றது இந்த மாதிரி: "கியர் ஆயில் டெம்பரேச்சர் ஹை அலாரம். சொல்லு." இதுல அவர் பாக்கிறது நீ எந்த வரிசையில யோசிக்கிறேன்னு. நிஜமாவே சூடா, இல்ல சென்சார் பொய்யா? பக்கத்து பேரிங் டெம்பரேச்சரோட ஒப்பிடு. பி.டி.100-ஐ (டெம்பரேச்சர் சென்சார்) கழற்றி மீட்டரில் ஓம் பாரு. 0 டிகிரியில் 100 ஓம், டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் கூடும். 112 ஓம் காட்டினா ஆயில் 31 டிகிரிதான், அப்ப ஸ்கிரீனில் 85 காட்டினா கோளாறு ஒயரில், டெர்மினலில், அல்லது கார்டில். லூஸ் கனெக்‌ஷன் ரெசிஸ்டன்ஸைக் கூட்டும், அதனால டெம்பரேச்சர் ஏறின மாதிரி தெரியும். இந்த ஒரு வரி சொன்னாலே எதிரில இருக்கிறவர் நிமிர்ந்து உக்காருவார்.

சூடு நிஜம்னா: ஆயில் லெவல், ஃபில்டர் அடைப்பு, கூலர் இறக்கையில தூசி, தெர்மோஸ்டாட் வால்வு, கடைசியா கூலர் ஃபேன். ஃபேன் ஓடுதுன்னு விட்டுடாதே, எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு. மோட்டார் மாத்தினப்ப ரெண்டு பேஸ் மாறிப்போனா ஃபேன் தலைகீழா சுத்தும், சத்தம் அதேதான் இருக்கும், காத்து மட்டும் போதாது.

மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) கேள்வியும் உண்டு. 690 வோல்ட் சர்க்யூட்டுக்கு மேனுவல்படி 500 அல்லது 1000 வோல்ட் டிசி. அதுக்கு முன்னால கன்வர்ட்டர், எலக்ட்ரானிக் கார்டு எல்லாத்தையும் பிரிச்சுவிடணும், இல்லாட்டி மெகரே கார்டைக் கொன்னுடும். முடிஞ்சதும் வைண்டிங்கை எர்த் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணணும். 10 நிமிஷ ரீடிங்கை 1 நிமிஷ ரீடிங்கால வகுத்தா போலரைசேஷன் இண்டெக்ஸ். 2-க்கு மேல இருந்தா நல்லது, 1 பக்கத்துல நின்னா ஈரம் அல்லது அழுக்கு. மழைக்காலத்துல ரொம்ப நாள் நின்ன மெஷின்னா ஹீட்டர் போட்டு உலர்த்திட்டு மறுபடி பாக்கணும்.

#9 | கோணம்_பையன்

நோட்டுல எழுதிக்கிட்டேன். இங்கிலீஷ்தான் பயமா இருக்கு. செர்டிபிகேட் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

#10 | ஆள்சேர்ப்பு_மேசை

இங்கிலீஷ் பேச்சுப் போட்டி அல்ல இது. ஆனால் அலாரம், மேனுவல், பெர்மிட், டெய்லி ரிப்போர்ட் நான்கும் இங்கிலீஷில்தான் இருக்கும். அதைப் படிக்கிறானா, நான்கு வரி எழுதுகிறானா என்பதுதான் சோதனை. "என்ன பழுது, என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன், இப்போது நிலை என்ன" என்ற நான்கு வரியை ஐந்தாறு பழுதுகளுக்கு எழுதிப் பழகுங்கள். இங்கிலீஷில் சொல்ல வராத கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லட்டுமா என்று தாராளமாகக் கேட்கலாம். எதிரில் வெளிமாநிலத்துக்காரர் இருந்தால் படம் வரைந்து காட்டுங்கள்.

"உன்னைப் பற்றிச் சொல்" என்றால் ஒன்றரை நிமிடம் போதும்: பெயர், ஊர், படிப்பு, அப்ரண்டிஸில் கையால் தொட்ட வேலைகள். கடைசிப் பகுதிக்குப் பாதி நேரம். குடும்ப வரலாறு வேண்டாம்.

"சீசனில் லீவு கேட்பாயா?" என்பது இந்தப் பகுதிக்கே உரிய கேள்வி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது ஒரு மெஷின் நின்றால் அந்த வருட வருமானமே அடிபடும். பெரிய பராமரிப்பு வேலைகளை அக்டோபருக்குப் பிறகு வைப்பது அதனால்தான். ஆடி மாசத்தில் கல்யாணமும் இல்லை, லீவும் இல்லை என்று புரிந்துதான் வருகிறாயா என்று பார்க்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் கோட்டாறு திருவிழா, கிறிஸ்துமஸுக்கு மாற்றி மாற்றி லீவு கிடைக்கும்.

செர்டிபிகேட்: பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண் சான்றும் என்.டி.சி.யும் (தேசியத் தொழிற்சான்று), அப்ரண்டிஸ் சான்று, ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், இருந்தால் வயர்மேன் சான்று. அசலோடு ரெண்டு செட் ஜெராக்ஸ். சிக்கல் வருவது பெயரில். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக, பானில் வேறொரு வரிசை. நம் மாவட்டத்தில் வீட்டுப் பெயரும் சேர்ந்து மூன்று எழுத்து இனிஷியல் கூட உண்டு. வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்கும் சரிபார்ப்பும் இதில்தான் மாட்டும். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து ஆதாரை இப்போதே திருத்தக் கொடுங்கள், ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

#11 | சேஃப்டி_சட்டை

மெடிக்கல் பற்றி யாரும் சொல்லவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி., காது, கண், நிறக்குருடு பார்ப்பார்கள். வலிப்பு, தலைசுற்றல் உண்டா என்று எழுதிக் கேட்பார்கள். அதில் மறைக்க வேண்டாம். 60 மீட்டரில் வலிப்பு வந்தால் உன்னை இறக்கப் போகிறவனுக்கும் ஆபத்து. ஹார்னஸில் மயங்கித் தொங்குபவரை அப்படியே விட்டால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே மோசம், அதனால் மீட்புக் கிட் இல்லாமல் ஏறக்கூடாது. இதுவும் இன்டர்வியூவில் வரும் கேள்விதான். எடை வரம்பு என்பது உடம்பு மட்டும் அல்ல, பூட்ஸ், டூல் பை எல்லாம் சேர்த்து ஹார்னஸ் லேபிளில் எழுதியதற்குள் வரணும். முந்தின இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பிரஷர் கூடிக் காட்டும்.

#12 | தோவாளைக்காரன்

ஷூ போட்டுட்டுப் போ மக்களே. செருப்போட டவர் பக்கம் விட மாட்டான். நாகர்கோவில் வடசேரியில இருந்து திருநெல்வேலி பஸ் ஏறினா ஆரல்வாய்மொழியில நிக்குமான்னு கண்டக்டர்கிட்ட முதல்லயே கேட்டுரு. பாயிண்ட்-டு-பாயிண்ட் வண்டி நிக்காமப் போயி காவல்கிணறுல இறக்கி விட்டிரும். சைட் ஆபீஸ் மெயின் ரோட்டுல இருந்து உள்ள கெடக்கும், ஆட்டோ கிடைக்கது கஷ்டம். முந்துன நாளே போன் பண்ணி எந்த விலக்குன்னு கேட்டு வச்சுக்கோ.

#13 | கோணம்_பையன்

சரிண்ணே. சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கிறேன்னு கேட்டா?

#14 | ஆள்சேர்ப்பு_மேசை

எண்ணைச் சொல்லும் முன் ரெண்டு கேள்வி கேளுங்கள். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா? சொல்லும் தொகை சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை), கையில் வருவதா? சி.டி.சி.யில் கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப்.பும் சேர்ந்திருக்கும், உங்கள் பங்கு 12 சதவீதம் வேறு பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். அதற்கு மேல் போனால் ஈ.எஸ்.ஐ. கிடையாது, விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உயரத்தில் வேலை பார்ப்பவருக்கு இது ஐநூறு, ஆயிரம் சம்பள வித்தியாசத்தை விடப் பெரிது. சைட்டுக்குச் சைட் போக வண்டி யார் தருவார்கள், சொந்த பைக் என்றால் பெட்ரோல் உண்டா, ஷூவும் ஹார்னஸும் அவர்கள் கணக்கிலா, இதையும் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். புதியவர் என்றால் "உங்க ஸ்கேல்படி" என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்கேல் என்ன என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டெபாசிட், யூனிபார்ம் பணம், டிரெய்னிங் பீஸ் என்று ஆஃபர் லெட்டருக்கு முன்னால் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைப் பார்க்கக் கொடுங்கள், வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள்.

#15 | சந்தேகசாமி

கான்ட்ராக்டர் ரோல்னா வேண்டாம்னு சொல்லிடலாமா?

#16 | பேனல்போர்டு

முதல் வேலைக்கு வேண்டாம்னு சொல்லத் தேவையில்ல. பி.எஃப். கட்டுறாங்களா, சம்பளம் பேங்க்ல வருதா, உயரப் பயிற்சி சான்று உன் பேர்ல தருவாங்களா, இந்த மூணும் சரின்னா போகலாம். மெஷின் அதேதான், கத்துக்கிறதும் அதேதான். மூணுல பயிற்சி சான்று இல்லன்னா மட்டும் யோசி. அது இல்லாம மேல ஏத்துற கான்ட்ராக்டர்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேக்கவே வேண்டாம்.